சுவர் ஷட்டரிங்குக்கு பிளான் போட்டுத் தருகிறோம் என்பார்கள், நம்பாதீர்கள்: 1,40,000 ரூபாய் போச்சு

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் கான்கிரீட் சுவர் எழுப்பப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன வாரம் நடந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் பழைய வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் நிலம் ஊருணிப் பக்கமாகச் சரிகிறது. மழைக்கு மண் அரித்துக்கொண்டே போனதால், 9 அடி உயரத்துக்குக் கான்கிரீட்டில் தாங்குசுவர் போட முடிவு செய்தோம். ஈரக் கான்கிரீட் இறுகும்வரை பிடித்து நிறுத்தும் பலகை, தகடு, முட்டு (சென்ட்ரிங், ஷட்டரிங் என்பது இதைத்தான்) வாடகைக்கு விடும் ஒரு கடைக்குப் போனோம். பெயர் போடவில்லை. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க அப்பச்சியை எனக்கு நல்லாத் தெரியும்ணே, இது எங்க வீட்டு வேலை மாதிரி. சுவருக்குப் பிளானும் நாங்களே போட்டுத் தந்துடுறோம்" என்றார். பிளானுக்குத் தனிக் காசு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கோடு கிழித்துக் கொடுத்தார். அதுதான் பிளான்.

சாமான் வந்து இறங்கியதும் எங்கள் மேஸ்திரிக்கு முகம் மாறிவிட்டது. சுவரின் இரண்டு பக்கப் பலகைகளும் விலகாமல் இழுத்துப் பிடிக்கிற டை ராடு கம்பிகள் வேண்டியதில் பாதிகூட இல்லை. அவர் போன் போட்டுக் கேட்டதற்கு, "மிச்ச இடத்துல கட்டுக்கம்பியை முறுக்கி விடுங்க மேஸ்திரி, எத்தனையோ பங்களாவுக்குக் கொடுத்திருக்கோம்" என்று பதில். பணம் வாங்கி பிளான் போட்டவரே இவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

தளத்துக்குச் சென்ட்ரிங் அடிப்பதும் சுவருக்கு அடிப்பதும் ஒன்றல்ல. தளத்தில் பாரம் கீழே இறங்கும், முட்டு தாங்கிக்கொள்ளும். சுவரில் ஈரக் கான்கிரீட் பக்கவாட்டில் தள்ளும். இறுகுவதற்குள் 9 அடியையும் நிரப்பினால், அடியில் ஒவ்வொரு சதுர அடிப் பலகை மேலும் 600 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். அதனால்தான் கீழே டை ராடு நெருக்கமாக வர வேண்டும், மணிக்கு எத்தனை அடி ஏற்றலாம் என்பதும் பிளானில் இருக்க வேண்டும். அந்தக் காலண்டர் தாளில் இரண்டுமே இல்லை.

கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி வந்தது, பம்ப் ஓடியது. பாதிச் சுவர் ஏறியபோது கீழ் ஜாயின்ட்டில் சிமென்ட் பால் பீய்ச்சி அடித்தது. "பம்பை நிறுத்து!" என்று மேஸ்திரி கத்துவதற்குள் கட்டுக்கம்பிகள் டக் டக்கென்று வரிசையாக அறுந்தன. பிளைவுட் வயிறு தள்ளி, மூலையில் பிளந்து, கான்கிரீட் முழுவதும் மண்ணில் கொட்டியது. அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை, அது ஒன்றுதான் நல்ல காலம். வாடகை, பிளான் கூலி, கம்பி, கான்கிரீட், ஆள் கூலி, இறுகியதை உடைத்து அள்ளிய செலவு எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதலில் கடைக்காரர் "கான்கிரீட் தண்ணியா இருந்திருக்கும், ரெடிமிக்ஸ்காரனைக் கேளுங்க" என்றார். அங்கே கேட்டால் சிலிப்பைக் காட்டுகிறார்கள், கலவை சரியாகத்தான் இருக்கிறது. அடுத்து, கான்கிரீட்டைக் குலுக்கி இறக்கும் மெஷின் மேல் பழி: "வைப்ரேட்டரை ஆழமா விட்டிருப்பாங்க". அதற்கப்புறம் "ஓனர் மதுரை போயிருக்காரு". நேரில் போய் நின்றால், டீ வாங்கிக் கொடுத்த அதே மனுஷன் ரசீதை நீட்டுகிறார்: "இதுல சாமான் வாடகைன்னுதானே இருக்கு, பிளான்னு எங்கே இருக்கு?" பிளானுக்கு வாங்கிய காசுக்கு ரசீதே போடவில்லை! 1,40,000 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிற என்னிடம், வளைந்த தகடுகளுக்கும் கிழிந்த பிளைவுட்டுக்கும் பில் வேறு நீட்டினார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சுவர் ஷட்டரிங் பிளானை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள், வாடகைக் கடையில் வாங்காதீர்கள். டை ராடை எண்ணிப் பார்த்த பிறகு லாரியைக் கூப்பிடுங்கள். கட்டுக்கம்பி போதும் என்று யார் சொன்னாலும் வேலையை நிறுத்துங்கள். ஒரே மூச்சில் மேல்வரை நிரப்ப விடாதீர்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எதற்கென்று எழுதிய ரசீது வேண்டும். உடைந்த சாமானுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.