வான் டி கிராஃப் மின்னியற்றியும் அதன் துளை விளிம்பும்

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் நண்பர் ஒருவர், தம் பள்ளிக்கு வான் டி கிராஃப் மின்னியற்றி (ஓடும் பட்டையால் மின்னூட்டத்தை மேலேற்றி, தூண்மேல் நிற்கும் உலோகக் கோளத்தில் சேர்த்து உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் கருவி) வாங்கலாமா, என்னிடம் இருப்பது எப்படி உழைக்கிறது என்று கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மோட்டாரில் குறையில்லை. ரப்பர் பட்டையை மாற்றியதோடு சரி. அக்ரிலிக் தூணில் கீறல்கூட விழவில்லை. 25 செ.மீ. விட்டமுள்ள அலுமினியக் கோளம் இரு பாதிகளை இணைத்த தடமே தெரியாதபடி மெருகேற்றப்பட்டது. என் கோபமெல்லாம் அந்தக் கோளத்தின் அடியில், தூண் நுழைவதற்காக வெட்டியிருக்கும் துளையின் விளிம்பின் மீதுதான்.

காற்று ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வரை தாங்கும். கோளத்தின் ஆரமான 12.5-ஆல் அதைப் பெருக்கினால் 3,75,000 வோல்ட் வரும். விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பதும் அதே எண்தான். அளந்து எழுதியதல்ல, பெருக்கி எழுதியது. துளையே இல்லாத, தூசி படியாத, சுவரும் தரையும் எட்டத்தில் இருக்கும் கோளத்துக்கே அந்தக் கணக்குப் பொருந்தும். பட்டை மேலே கொண்டுசேர்ப்பது சில மைக்ரோ ஆம்பியர் மட்டுமே என்பதால், அந்த அளவு எங்கேனும் கசியத் தொடங்கிய இடத்தோடு மின்னழுத்தம் நின்றுவிடும். என் கருவியில் விளிம்பைத் தகடு வெட்டிய கூர்மையோடு அப்படியே விட்டிருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்த விளிம்பு நெடுக மங்கிய ஊதா ஒளி தெரியும். உஸ்ஸென்ற இரைச்சலோடு ஓசோன் நெடியும் வரும். கூரான முனையில் மின்னூட்டம் குவிந்து காற்றில் கசியும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் கூர்முனைச் செயல்பாடு என்ற பெயரில் படிக்கிற அதே பாடம், கருவியைச் செய்தவருக்கு மட்டும் எட்டவில்லை.

சென்ற மாதம் லேத் பட்டறை ஒன்றில், புனல் வாய்போல் உட்புறம் சுருண்டு செல்லும் அலுமினிய வளையம் ஒன்றைக் கடையச் சொல்லி, துளையில் பொருத்தினேன். மின்னூட்டம் கோளத்தின் வெளிப்பரப்பில்தான் தங்கும். உள்ளே மின்புலம் மிகக் குறைவு என்பதால், வெட்டுமுனையை உட்புறம் மறைத்துவிட்டால் அது கூராக இருந்தாலும் கேடில்லை. இரண்டு விரற்கடைக்கு மேல் தாவாத பொறி இப்போது நான்கு விரற்கடையை எட்டுகிறது.

ஈரத்துக்கும் தூசிக்கும் செய்தவர் பொறுப்பல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐப்பசி மழையில் தூணையும் பட்டையையும் ஹேர் டிரையரால் உலர்த்தாமல் இவ்வகைக் கருவி எதுவும் சரியாக இயங்காது. கோளத்தில் ஒட்டிய பஞ்சிழை ஒன்றுகூட ஊசிமுனையாகி மின்னூட்டத்தை வடித்துவிடும். 1933-இல் மாசசூசெட்ஸின் ரவுண்ட் ஹில்லில், வான்கப்பல் கொட்டகைக்குள், இக்கருவியை உருவாக்கிய வான் டி கிராஃப் நிறுவிய 15 அடிக் கோளங்களையே புறா எச்சம் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

விளிம்பின் கதை வேறு. தகட்டை உள்நோக்கிச் சுருட்ட ஆகும் செலவு, அந்த விளம்பரத் தாளை அச்சடித்த செலவுக்கு மேல் போயிருக்காது. இத்தனை நல்லது சொன்ன பிறகும், இந்தக் கருவியை வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதுகிறேன். வேறெங்கு வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் கோளத்தைக் கழற்றித் துளையைச் சுற்றி விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். விளிம்பு கீறினால், மின்னழுத்தம் எத்தனை லட்சம் என்று அச்சிட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.