ஃபாரன்சிக் ஆடிட் என்று வருபவரிடம் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மாங்கூழ் ஆலை, மண்டி, கிரானைட் பட்டறை என்று கூட்டாகத் தொழில் நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் பக்கம் ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். நல்ல சட்டை, தோளில் லேப்டாப் பை, வாயைத் திறந்தால் சட்டப் பிரிவு எண்கள். விசிட்டிங் கார்டில் ‘ஃபாரன்சிக் ஆடிட்டர்’. பெங்களூரில் லேப் இருப்பதாகச் சொல்வார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், ஆளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எங்களுடையது குடும்பத்தில் சிலர் பங்குதாரர்களாக நடத்தும் சின்ன மாங்கூழ் ஆலை. சீசன் மே மாதம் தொடங்கி ஜூலை வரை ஓடும். பெங்களூரா ரக மாங்காய் லாரியில் வரும், எடைமேடையில் ஏறும், டோக்கன் விழும், டோக்கனை வைத்து வவுச்சர், வவுச்சரை வைத்து ரொக்கம். விளைச்சலை விவசாயியிடமே நேரடியாக வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க வருமான வரிச் சட்டத்தில் விலக்கு இருப்பதால், நம் தொழிலில் பணம் பெரும்பாலும் கையில்தான் நடமாடுகிறது. 2024 சீசன் முடிந்து கணக்குப் பார்த்தபோது இடித்தது. டோக்கன்படி உள்ளே வந்த காய்க்கும் வெளியே போன கூழ் டிரம்களுக்கும் பொருத்தமே இல்லை. கொள்முதலைப் பார்த்துக்கொண்டவர் மேல் சந்தேகம் வந்தது.

வருடா வருடம் எங்களுக்கு வரித் தணிக்கை செய்யும் ஆடிட்டர் சாரிடம் கேட்டோம். “வவுச்சர் இருக்கிறதா, பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். வவுச்சரே பொய் என்றால் அதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை” என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று அப்போது சித்தப்பா கோபப்பட்டார். ஆனால் அவர் சொன்னது நியாயம்தான். 1896-இல் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி ஒருவர், ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாய் அல்ல என்று சொல்லிவைத்தார். வழக்கமான தணிக்கையின் எல்லையை விளக்க இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஃபாரன்சிக் ஆடிட் எனும் தடயவியல் தணிக்கைதான் அந்த வேட்டை வேலை. யார், எப்படி, எவ்வளவு, பணம் எங்கே போனது என்று தேடுவது. தேடியதைக் கோர்ட்டில் நிற்கும் சாட்சியமாக ஆக்குவது அதில் பாதி. எங்களுக்கு வந்தவர் அந்தப் பாதியைத்தான் கெடுத்துவிட்டுப் போனார்.

மண்டியில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக வந்தார். இரண்டரை லட்சம் பேசி, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் வாங்கினார். என்ன வேலை, எதைப் பார்ப்பார், எப்போது தருவார் என்று எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தக் கடிதம் கேட்டோம். “ரகசிய விசாரணைண்ணா, எழுத்தில் வேண்டாம்” என்றார். ஒழுங்கான ஆள் எவரும் இந்தக் கடிதம் இல்லாமல் பேனாவைத் திறக்கமாட்டார் என்று பின்னால் தெரிந்தது.

முதல் நாளே அலுவலகக் கம்ப்யூட்டரை ஆன் செய்து, டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து, தேடு தேடு என்று தேடினார். சில பதிவுகளைத் திறந்து மூடினார். பென் டிரைவில் எதையோ ஏற்றினார். சாயங்காலம் சிபியுவைக் கழற்றி, ஒரு கோணிப்பையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு லேபுக்கு என்று கிளம்பிவிட்டார். ரசீது இல்லை, சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை, சீல் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே கோணிப்பையில் திரும்பி வந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வழக்கு அடிவாங்கியது இங்கேதான். டிஜிட்டல் சாட்சியத்தில் யாரும் அசல் டிஸ்க்கில் வேலை பார்ப்பதில்லை. எழுத விடாமல் தடுக்கும் ஒரு கருவியை இடையில் மாட்டி, டிஸ்க்கை அப்படியே பிம்பமாக நகல் எடுப்பார்கள். நகல் எடுத்த உடனேயே ஹேஷ் மதிப்பு கணக்கிடுவார்கள். டிஸ்க்கில் உள்ள மொத்தத் தரவையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண்ணும் எழுத்துமான வரி அது. எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்துகள் வரும். உள்ளே ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி மாறிவிடும். அதனால்தான் ‘அன்று இருந்தது இன்றும் அப்படியே இருக்கிறது’ என்று கோர்ட்டில் நிரூபிக்க முடிகிறது. இதோடு, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனது என்ற கைமாறல் பதிவும் வேண்டும். எங்களுக்கு இரண்டுமே இல்லை. போதாக்குறைக்கு, அவர் பதிவுகளைத் திறந்து பார்த்த நாளே பல ஃபைல்களில் கடைசியாக மாற்றிய தேதியாகப் பதிந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்: “கம்ப்யூட்டர் உங்களிடம்தான் இருந்தது, கணக்கைத் திருத்தியதும் நீங்கள்தான்.”

அப்புறம் சான்றிதழ். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த அச்சுப் பிரதி, சிடி, பென் டிரைவ் எதையும் கோர்ட்டில் வைக்க இந்தச் சான்றிதழ் வேண்டும். அது கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய சட்டத்தில் படிவமே கொடுத்திருக்கிறார்கள். கருவியைக் கையாண்டவர் நிரப்ப ஒரு பகுதி, நிபுணர் நிரப்ப ஒரு பகுதி, இரண்டிலும் ஹேஷ் மதிப்பு எழுத இடம். நம் ஆள் தந்த புத்தகத்தில் இந்தச் சான்றிதழைத் தேடினோம், கிடைக்கவில்லை. ஃபோன் செய்து கேட்டால், “அதெல்லாம் ட்ரயல் வரும்போது பார்த்துக்கலாம்” என்றார். அதோடு சரி, அப்புறம் ஃபோனையே எடுக்கவில்லை.

புத்தகம் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பார்க்க வேண்டும். காலிகோ பைண்டிங், பொன் எழுத்து. உள்ளே பாதி எங்கள் வவுச்சர்களின் ஜெராக்ஸ். மீதியில் ஒரு வண்ண வரைபடம், ‘பென்ஃபோர்ட் விதிப்படி மோசடி நிரூபணம்’ என்ற தலைப்போடு. இதைப் பார்த்துதான் சித்தப்பா மயங்கினார். பென்ஃபோர்ட் விதி பொய்யல்ல. இயல்பாகச் சேரும் பல எண் தொகுப்புகளில் முதல் இலக்கமாக 1 வருவது சுமார் 30 சதவீதம், 9 வருவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆளாக உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்து எழுதினால் இந்த விகிதம் கெடும் என்பதால் தணிக்கையில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எண்கள் பத்து, நூறு, ஆயிரம், லட்சம் என்று பரந்து கிடந்தால்தான் இந்த விதி பொருந்தும். எங்கள் எடைமேடைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் ஆறு டன்னிலிருந்து ஒன்பது டன்னுக்குள். யோக்கியமான டோக்கனை வைத்துக் கணக்குப் போட்டாலும் முதல் இலக்கம் 6, 7, 8 என்றுதான் குவியும். நேர்மையாக நடக்கும் எந்த எடைமேடையின் கணக்கைக் கொடுத்தாலும் இவர் மோசடி என்று வரைபடம் போட்டுத் தந்துவிடுவார்!

சட்டப் பகுதி இன்னும் வேடிக்கை. கம்பெனிகள் சட்டம் 447-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு சிறை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார். அந்தப் பிரிவு உண்மைதான். ஆனால் அது கம்பெனிகளுக்கான சட்டம். எங்களுடையது 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான பங்குதாரர் நிறுவனம். எஸ்எஃப்ஐஓ வரை கொண்டு போகலாம் என்றும் எழுதியிருந்தார். கம்பெனி விவகாரங்களை மத்திய அரசு உத்தரவிட்டால் விசாரிக்கும் அமைப்பு அது. காவேரிப்பட்டணம் சாலையில் இருக்கும் மாங்கூழ்க் கணக்கைப் பார்க்க அது வராது.

எங்கள் வக்கீல் மேடம் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “எந்தெந்தத் தேதி வவுச்சர் சார் இது?” மே, ஜூன் மாதத்து வவுச்சர்கள் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வரும். ஊழியர் செய்த நம்பிக்கை மோசடிக்கு 408, கணக்குப் புத்தகத்தைப் பொய்யாக எழுதியதற்கு 477ஏ. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(4), 344. எங்கள் சீசன் இரண்டு சட்டங்களிலும் கால் வைத்திருக்கிறது. புத்தகத்திலோ எல்லா வவுச்சருக்கும் 420 என்று ஒரே எண். ஏமாற்றிப் பொருளைப் பெறுவது வேறு, நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவது வேறு என்று மேடம் விளக்கினார்கள். முன்னதில் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பின்னதில் முதலில் ஒப்படைத்ததைக் காட்ட வேண்டும். ஆதாரமும் அதற்கேற்ப மாறும்.

“மோசடிக்குக் காலக்கெடுவே கிடையாது, அவசரமில்லை” என்றும் அந்த ஆள் சொல்லியிருந்தார். பணத்தைத் திரும்பக் கேட்கும் சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். மோசடியாக மறைத்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது ஒழுங்காக விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து அந்த 3 ஆண்டு ஓடத் தொடங்கும். காலவரையறைச் சட்டம், 17-ஆம் பிரிவு. கெடுவே இல்லை என்பது கட்டுக்கதை.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது இன்னொன்று. ஒரு நாள் நாங்கள் இல்லாத நேரத்தில், கொள்முதல் பார்த்தவரை அறைக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒப்புதல் வாக்குமூலம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறார். அதைப் பெரிய சாதனையாகப் புத்தகத்தின் முதல் இணைப்பாக வைத்திருந்தார். தனியார் ஒருவருக்கு யாரையும் சம்மன் செய்யவோ, அடைத்துவைக்கவோ, வங்கிக் கணக்கை முடக்கவோ எந்த அதிகாரமும் இல்லை. மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய வாக்குமூலம் கிரிமினல் வழக்கில் நிற்காது. விளைவு என்ன? அந்தத் தாள் எங்களுக்கு உதவவில்லை, ஆனால் சட்டவிரோதமாக அடைத்துவைத்ததாக எங்கள் பேருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அறிக்கையில் ‘இவர்தான் குற்றவாளி’ என்று வேறு தீர்ப்பு எழுதியிருந்தார். தணிக்கை செய்பவர் உண்மைகளைத்தான் வைக்கலாம். குற்றவாளியா இல்லையா என்பது கோர்ட்டின் வேலை.

கடைசிப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப், அதன் கீழ் யூடிஐஎன் என்று ஓர் எண். பட்டயக் கணக்காளர்கள் தாம் தரும் சான்றிதழ், தணிக்கை அறிக்கைகளுக்குத் தங்கள் இன்ஸ்டிட்யூட்டின் இணையதளத்தில் எடுக்கும் 18 இலக்க எண் அது. யார் வேண்டுமானாலும் அங்கேயே போட்டுச் சரிபார்க்கலாம். எங்கள் ஆடிட்டர் சார் எண்ணிப் பார்த்தார், 16 இலக்கம்தான் இருந்தது. உறுப்பினர் பட்டியலிலும் அந்தப் பெயரில் யாரும் இல்லை. இந்தியாவில் ‘ஃபாரன்சிக் ஆடிட்டர்’ என்று போட்டுக்கொள்ளத் தனி உரிமம் எதுவும் கிடையாது. அதனால் அந்தப் பட்டத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிஎஃப்இ (சர்டிஃபைட் ஃப்ராடு எக்ஸாமினர்) என்று ஒரு சான்றிதழும் காட்டுவார்கள். அது 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சங்கம் தேர்வு வைத்துத் தருவது. உண்மையான சிஎஃப்இ-க்கு மதிப்பு உண்டு, ஆனால் அது அரசு அதிகாரம் அல்ல. சிஏ என்று போட்டுக்கொள்வதற்குத்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது: உறுப்பினர் அல்லாதவர் அப்படிப் போட்டுக்கொண்டால் 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் குற்றம். சிஏ ஒருவர் தடயவியல் வேலை எடுத்தால் இன்ஸ்டிட்யூட் வகுத்த தரநிலைகளின்படிதான் செய்ய வேண்டும்; 2023 ஜூலை 1 முதல் அவை கட்டாயம்.

இப்போது மேடம் மூலமாக ஒரு சிஏ வேலை பார்க்கிறார். கம்ப்யூட்டர் பக்கமே அதிகம் போகவில்லை. வங்கியிலிருந்து 1891-ஆம் ஆண்டு வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிட்ட கணக்கு நகல் வாங்கினார். எடைமேடைக்காரரிடம் இருந்த கார்பன் பிரதிப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, கொடுத்ததற்கு அவரிடமே கையெழுத்தும் வாங்கினார். காய் எவ்வளவு உள்ளே போனால் கூழ் எவ்வளவு வரும், கொட்டையும் தோலும் எவ்வளவு விழும் என்று ஆலை மேஸ்திரியோடு உட்கார்ந்து கணக்கெடுத்து, கழிவை ஏற்றிப்போன டிராக்டர்காரரின் கூலி நோட்டோடு ஒப்பிட்டார். டோக்கனில் இருந்த வண்டி எண்களைப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்ததில், ஏழு டன் காய் ஏற்றி வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு டி.என். 24 வண்டி ஸ்கூட்டர் என்று வந்தது. பீகார் மாட்டுத்தீவன ஊழலிலும் இப்படித்தான் ஸ்கூட்டரில் மாடு போயிருக்கிறது. நம் ஊருக்கு வர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இந்த வேலைக்கு அவர் கேட்ட கட்டணம் முன்னவர் பேசியதைவிடக் குறைவு. ஒப்பந்தக் கடிதம் நான்கு பக்கம்.

கணக்கில் சந்தேகம் வந்தால் அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே அணைத்து, இரண்டு சாட்சிகள் முன்னால் சீல் வைத்து, சீரியல் எண், தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பூட்டிவையுங்கள். அப்புறம் வக்கீலைப் பாருங்கள். ஆடிட்டர் என்று வருபவரின் உறுப்பினர் எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள்.

அந்த ஆள் மேல் எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் புகார் கொடுத்திருக்கிறோம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மண்டியிலும், பாலக்கோட்டில் ஓர் அரிசி ஆலையிலும் இதே பொன்னெழுத்துப் புத்தகம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். வேறு யாரிடமாவது இருந்தால் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஃபோட்டோ எடுத்து அதே குற்றப்பிரிவில் கொடுங்கள். ஒரே எண்ணைத்தான் எல்லோருக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறாரா என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.