பிக்சல் ஃபான்ட் வாங்கப் போய் 3,850 ரூபாய் போச்சு, பார்த்து வாங்குங்க

போன வியாழக்கிழமை ராத்திரி, கட்டம் கட்டமாக வரைந்த எழுத்துரு (அதுதான் பிக்சல் ஃபான்ட்) வாங்கப் போய் ஏமாந்தேன். இன்னும் வயிறு எரிகிறது, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ராத்திரியில் நானும் சித்தப்பா பையனும் சேர்ந்து ஒரு ரேக்ளா பந்தய கேம் செய்கிறோம், பழைய ஆர்கேடு கேம் மாதிரி, காங்கேயம் காளையெல்லாம் கட்டம் கட்டமாக. பட்டன், ஸ்கோர், மெனு எல்லாம் தமிழில்தான் வேண்டும் என்று பிடிவாதம். ஆங்கிலப் பெரிய எழுத்து 8க்கு 8 கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். 'ண'வை அதற்குள் போட்டுப் பாருங்கள், சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும், தடித்த எழுத்தென்றால் கேட்கவே வேண்டாம். யாராவது உட்கார்ந்து வரைந்து வைத்திருந்தால் தாராளமாகக் காசு கொடுக்கலாம் என்றுதான் தேடினேன்.

ஃபான்ட் விற்கும் ஒரு தளத்தில் கிடைத்தது. மாதிரிப் படத்தில் "தொடங்கு" என்று கொழுகொழுவென்று இருந்தது. 'தொ'வின் கொம்பும் காலும் அதனதன் இடத்தில், ஒரு பிக்சல் பிசகவில்லை, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விற்பவரிடம் சாட்டில் "தமிழ் முழுசா இருக்குங்களா?" என்று கேட்டேன். "247 எழுத்தும் இருக்குங்ணா, நம்பி வாங்குங்க" என்று பதில். நம்மூர்ப் பேச்சில் 'ங்ணா' போட்டதும் மனசு இளகிவிட்டது. 3,850 ரூபாயை உடனே அனுப்பிவிட்டேன்.

கேமில் ஏற்றித் தம்பிக்கு அனுப்பினால், "ஏனுங்ணா, எழுத்துக்குப் பதிலா வெறும் டப்பா டப்பாவா வருதுங்க" என்கிறான்.

விற்பவரைக் கேட்டேன். உங்க கேம் இன்ஜின் கோளாறு, வேர்டில் போட்டுப் பாருங்க என்றார். போட்டால் தமிழ் வந்தது! ஆனால் பிக்சலே இல்லை, மழமழவென்று இருந்தது. ஃபான்டில் இல்லாத எழுத்துக்கு விண்டோஸ் தன் நிர்மலா ஃபான்டை எடுத்துப் போட்டிருக்கிறது. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் திருத்தும் மென்பொருளில் திறந்தேன், யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய இடம் அத்தனையும் காலி. 'தொடங்கு' வெறும் படம். அதைவிடக் கொடுமை, காப்புரிமை வரியில் வேறொருவர் பெயர், கூடவே எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். அந்த உரிமத்தில் வந்த ஃபான்டைக் கேமோடு சேர்த்து விற்கலாம், தனியாக விற்கக் கூடாது. சும்மா கிடைப்பதற்கு 3,850 ரூபாய்!

அப்புறம் "அடுத்த அப்டேட்ல தமிழ் வரும்" என்றார். அதுக்கப்புறம் "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை". இப்போது ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. தளத்துக்கு எழுதினால் ஒரு டிக்கெட் எண், மறுநாள் "விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள்". ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து வேலை செய்கிறவன் 3,850 ரூபாய்க்கு எத்தனை கணக்குப் போட்டிருப்பான் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

மாதிரிப் படத்தை நம்பாதீர்கள். நீங்கள் சொல்கிற வார்த்தையைத் தட்டி வீடியோவாகக் காட்டச் சொல்லுங்கள், அதில் 'கொ', 'ணை', 'ஸ்ரீ' இருக்கட்டும். உரிமம் என்னவென்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள். பணம் போனால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள், நான் சமாதானத்தை நம்பி நாலு நாள் விட்டுவிட்டேன். இப்போதுதான் அடித்தேன், லைன் பிசி. மறுபடி அடிக்கப் போகிறேன்.