ராணுவ மினியேச்சர்கள்: வைத்திருப்பதா, விற்பதா?

வீடு மாற்றும்போதோ, பிள்ளைகள் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள் என்பது உறுதியானபோதோ, அப்பா விட்டுப்போன பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்போதோ இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. யோசனை சொல்ல வருபவர்களில் இரண்டு கட்சி. "பழசு ஆக ஆக விலை ஏறும், வைத்துக்கொள்" என்பது ஒன்று. "இடத்தை அடைக்கிறது, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்கும் ஒரே கோளாறு: அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒரே சரக்காகப் பார்ப்பது. 54 மில்லிமீட்டர் உயர ஈய வீரனும், மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் வார்கேம் பொம்மையும், அசலில் 35-ல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய, பிரிக்காத 1/35 டாங்க் கிட்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கலாம். சென்னைக் காற்றில் மூன்றும் மூன்று விதமாகக் கெடும், மூன்று விதமான ஆட்களிடம் விலைபோகும்.

ஆகவே ஒவ்வொரு வகையையும் தனியாக எடுத்து இரண்டு கேள்வி கேட்டால் போதும். இந்த வீட்டில் இது தாங்குமா? விற்ற பிறகு மனசு மாறினால் திரும்ப வாங்க முடியுமா?

இரண்டாவது கேள்வி இந்தியாவில் கொஞ்சம் கடுமையானது. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தர முத்திரையும் கட்டாயம். விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால் அன்றன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், லண்டனில் ஒரு செட்டை விற்றுவிட்டு இரண்டு வருஷம் கழித்து அதே போல இன்னொன்றை வரவழைப்பவர் விலையோடு வரியையும் தபால் செலவையும் சேர்த்துக் கட்டப்போகிறார் என்பதில் சந்தேகமில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே காரணத்தால் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் நல்ல சரக்குக்கு உள்ளூர் ஆள் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பார்.

பழைய ஈய வீரர்கள்

அலசல் அதிகம் தேவைப்படுவது இந்த வகைக்குத்தான். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் பொம்மை நிறுவனம் 1893-ல் உள்ளீடற்ற வார்ப்பு வீரர்களைக் கொண்டுவந்தது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் இருப்பதைத் திரும்ப வெளியே கொட்டிவிடுவார்கள். ஓடு மட்டும் நிற்கும். உலோகம் மிச்சம், விலை மலிவு. அதனால்தான் கழுத்தும் கணுக்காலும் துப்பாக்கி முனையும் அவ்வளவு சுலபமாக உடைகின்றன. ஈய வார்ப்பு 1966-ல் நின்றது. அதன் பிறகு பிளாஸ்டிக்கின் காலம்.

இவற்றின் எதிரி வெயில் இல்லை, காலமும் இல்லை. அமில ஆவி. பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஆகியவற்றின் பசையிலிருந்தும் மரத்திலிருந்தும் அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் மெல்ல மெல்லக் கசியும். காற்றில் ஈரமும் இருந்தால் அமிலம் ஈயத்தைத் தின்னும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகும். அமிலம் விடுபட்டு மறுபடி அடுத்த அடுக்கைத் தின்னப் போகும். தானாக நிற்கவே நிற்காது. மூடிய மாடுலர் கப்போர்டு, ஐப்பசி கார்த்திகை ஈரம், இரண்டும் சேர்ந்தால் இதற்கு வேறு எதுவும் வேண்டாம். கண்ணாடி ஷோகேஸ் செய்பவர் மூலைகளில் அடிக்கும் சிலிக்கான் பசையும் கவனிக்க வேண்டியது. வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை. நியூட்ரல் வகை கேட்டு வாங்க வேண்டும்.

வெள்ளையாகத் தெரிவது தூசியா, இந்த அரிப்பு நோயா என்று அறிய, காதுக் குச்சிப் பஞ்சால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். தூசி போய்விடும். நோய் என்றால் பொடி போனதும் அடியில் சாம்பல் நிறக் குழி தெரியும், பெயிண்ட் கொப்பளித்திருக்கும். முதலில் வருவது பீடத்தின் அடியிலும், வார்ப்பு ஓட்டையின் ஓரத்திலும். கண்டதும் அந்த வீரனைத் தனி டப்பாவுக்கு மாற்றுங்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கும் பழக்கத்தில் புளி, எலுமிச்சை, வினிகர் என்று எதையும் தொடவிடாதீர்கள். எல்லாமே அமிலம். கையாண்ட பிறகு கை கழுவுவது கட்டாயம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றைக் கொலுப்படியின் கீழ்த்தட்டில், பார்க் செட்டுக்குள் நிறுத்தவே கூடாது.

தகரக் கலவை குளிரில் பொடிந்துபோகும் 'டின் பெஸ்ட்' பற்றி ஐரோப்பியர்கள் எழுதுவதைப் படித்துப் பயப்படுகிறவர்கள் இங்கே உண்டு. அந்த மாற்றம் தொடங்க 13 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். மார்கழிப் பனியிலும் 18, 19-க்குக் கீழே இறங்க யோசிக்கிற ஊரில் அந்தக் கவலை தேவையில்லை.

வைத்திருப்பது என்று முடிவானால் செலவு பெரிதில்லை, ஒழுங்குதான் பெரிது. பவுடர் கோட்டிங் செய்த இரும்பு பீரோ, மர அலமாரியைவிட நல்லது. அதற்குள் பாலிபுரோப்பிலீன் டப்பா, அடியில் 5 என்ற எண் இருக்கும். 50 லிட்டர் டப்பாவுக்கு அரைக் கிலோ சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறம் பச்சையாகும் வகை நல்லது, நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர். 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. ராத்திரி மட்டும் ஏசி போடும் அறையில் திறந்த தட்டில் வைப்பதுதான் மோசம்: குளிர்ந்த உலோகத்தின் மேல், காலையில் ஜன்னல் திறந்ததும் நீர் கோத்துக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம், அதன் காகிதமே அமிலம். பபிள் ராப்பின் குமிழ்கள் வெயில் காலத்தில் பெயிண்ட்டில் வட்டம் வட்டமாகத் தடம் போட்டுவிடும். அமிலமற்ற டிஷ்யூ காகிதம் சுற்றி, அதன் மேல் வேண்டுமானால் பபிள் ராப்.

எதை வைத்திருக்கலாம்? அசல் பெயிண்ட்டோடு, சிவப்புப் பெட்டியோடு, அட்டையில் கட்டிய நூலே அறுபடாமல் இருக்கும் செட். சென்னைக்காரருக்குக் கூடுதல் காரணம் உள்ளவையும் உண்டு. பிரிட்டன்ஸின் 67-ஆம் எண் செட் முதலாம் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபென்ட்ரி. இது கையில் இருந்தால், பணமுடை இல்லாதவரை விற்காதீர்கள். திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எதை விற்கலாம்? தலை போய்த் தீக்குச்சி செருகி ஒட்டியது, மறுபெயிண்ட் அடித்தது, பெட்டியில்லாமல் மூன்று நான்கு பேர் மட்டும் மிஞ்சிய உதிரி. விற்பதற்கு முன் 'அழகுபடுத்துகிறேன்' என்று புதுப் பெயிண்ட் அடிப்பது, இருக்கும் விலையையும் கொன்றுவிடும். குதிரையின் வயிற்றில் பொறித்த ஆண்டைப் பார்த்து மயங்குவதும் வேண்டாம். அது வடிவத்துக்குக் காப்புரிமை பதிந்த தேதி. வார்த்த தேதி இல்லை. 1902 என்று பொறித்த குதிரை அதற்கு இருபது முப்பது ஆண்டு கழித்து வார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

இந்த வயதுக் கணக்கு விலைக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் முக்கியம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் வரையறைக்குள் வரும்; அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பொம்மை வீரன் அந்த வரையறைக்குள் வருவானா என்று சுங்கக் கவுண்டரில் நின்று வாதாடுவதைவிட, இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது மேல். அதன் சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

புது உலோகம், பிளாஸ்டிக், கிட்

ஹாங்காங்கின் கிங் அண்ட் கன்ட்ரி போன்ற இக்கால உலோக வீரர்களை 'லிமிடெட் எடிஷன்' என்ற சொல்லுக்காக முதலீடாக வாங்கியிருந்தால், அந்தக் கணக்கை மறந்துவிடலாம். கடை நிறுத்திய சில மாடல்கள் தவிர, மறுவிற்பனையில் வாங்கிய விலை கிடைப்பதே பெரிது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெட்டி பளபளப்பாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். வைத்திருப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும்: பெட்டிக்குள் வரும் ஸ்பாஞ்சிலிருந்து பொம்மையை வெளியே எடுத்துவிடுவது. அந்த நுரை ஈரத்தில் சில வருஷங்களில் பிசுபிசுத்து, உதிர்ந்து, பெயிண்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். பத்திரிகையோடு வாரா வாரம் வந்த வீரர்களை மொத்தமாகத் தள்ளிவிடலாம், யோசிக்க ஒன்றுமில்லை.

1/72 மென் பிளாஸ்டிக் வீரர்கள் பலர் வருஷம் போகப் போக மொறுமொறுத்துவிடுகிறார்கள். கணுக்காலை விரலால் அழுத்தினால் சில நேரம் படக்கென்று ஒடியும். வளைகிற நிலையில் இருந்தால் உடனே விற்கலாம். ஒடிகிற நிலை வந்துவிட்டால் வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்பு டாங்குகளும் இப்படித்தான்: கலவையில் கலந்த ஈய மாசால் உள்ளுக்குள் வெடித்து நொறுங்கும், வைத்தியம் கிடையாது.

கிட் விஷயத்தில் தலைகீழ்: பிரிக்காததுக்குத்தான் விலை. எவ்வளவு நன்றாகக் கட்டிப் பெயிண்ட் அடித்த 1/35 டாங்க்காக இருந்தாலும், பெரும்பாலும் கிட் விலைகூட வராது; தபாலில் அனுப்பினால் ஆன்டெனாவும் கைப்பிடிகளும் முதலில் போகும். ஆகவே கட்டியதை வைத்துக்கொள்ளுங்கள், கட்டப்போவதில்லை என்று மனசுக்குத் தெரிந்த கிட்டை விற்றுவிடுங்கள். பரணில் கிடக்கும் கிட்டின் டீகால் தாள் (மாடலின் மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்டது) பழுப்பேறி வெடிக்கும். பூச்சிக்காக அந்துருண்டை போட்டிருந்தால் இன்றே எடுத்து எறியுங்கள். நாஃப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். ராமபாணப் பூச்சிக்கு மருந்து, காய்ந்த டப்பாவும் இறுக்கமான மூடியும்தான்.

28 மில்லிமீட்டர் வார்கேம் பொம்மைகள் உள்ளூரிலேயே போகும்; ஆடுகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். தடிமனாகப் பெயிண்ட் அப்பியதைவிட ஸ்ப்ரூவிலேயே, அதாவது பாகங்கள் ஒட்டிவரும் சட்டத்திலேயே, இருப்பதற்கு மதிப்பு அதிகம். வளைந்துபோன ரெசின் ஈட்டியைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு விற்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் மறுபடி வளையும்.

எங்கே விற்பது

வெளிநாட்டு ஏலத்தில் சுத்தியல் தட்டி முடியும் விலையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் கையில் வரும் தொகையைக் கணக்குப் போடுவதில்லை. கணக்குக்காக ஒரு செட் 30,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வையுங்கள். கமிஷன் 20 சதவீதம் என்றால் 6,000. இன்ஷூரன்ஸோடு அனுப்பும் செலவு 4,500. வங்கிப் பிடித்தம், நாணய மாற்று 1,000. கையில் 18,500, அதுவும் சில மாதம் கழித்து. இதே செட்டை இங்கே ஒருவர் 17,500-க்குக் கேட்டால், நேரில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அரிதான பெட்டிச் செட்டுக்கு மட்டும் கதை வேறு: இங்கே அதற்குப் போட்டி போட ஆள் குறைவு, இரண்டு பேர் மோதிக்கொள்ளும் ஏலம்தான் அதற்கு உரிய இடம். அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் இன்னொன்று: 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-லிருந்து இல்லை. வாங்குபவர் அதையும் கழித்துத்தான் விலை சொல்வார்.

அனுப்பும் மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் மூட்டை கட்டினால் ஈரத்தையும் சேர்த்தே கட்டுகிறீர்கள். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். ஒவ்வொரு வீரனுக்கும் தனி டிஷ்யூ. குதிரைக்குக் கால்களுக்கு நடுவே டிஷ்யூ உருண்டை. கெட்டியான சின்ன டப்பா. அது பெரிய டப்பாவுக்குள், சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளியில் நிரப்பு. குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தராசு விற்பதன் பக்கம் சாய்கிறது. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் காட்டியதுதான் காரணம். ஈயம் நனைந்தால் துடைத்துக் காயவைக்கலாம். அட்டைப் பெட்டி நனைந்தால் செட்டின் மதிப்பில் பெரும்பங்கு அதோடு போகும். விற்க மனமில்லை என்றால் பெட்டிச் செட்டுகளை மட்டுமாவது மாடியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள்.

வரி விஷயம்: சொந்த உபயோகப் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்ற சலுகை, கலைப்பொருளுக்கும் தொல்பொருள் தொகுப்புக்கும் பொருந்தாது. பெரிய தொகை என்றால் விற்பதற்கு முன்னாலேயே ஆடிட்டரைப் பாருங்கள்.

எதையும் விற்காதவரும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். செட் எண், எத்தனை பேர், பெட்டி உண்டா, எந்த டப்பாவில் இருக்கிறது, எவ்வளவுக்கு வாங்கியது, யாரிடம் கேட்டால் விலை சொல்வார். இந்த ஒரு பக்கம் இல்லாததால் காயலான் கடைத் தராசில் ஈய விலைக்குப் போகிற தொகுப்புகள் உண்டு. பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கும்போதும் அதிலேயே எழுதிவிடுங்கள்: செட்டைப் பிரிக்கக் கூடாது. எட்டுப் பேர் செட்டை ஆளுக்கு நாலாகக் கொடுத்தால், பாதி விலை பாதி விலையாகப் போகாது. இரண்டு வீட்டிலும் உதிரிதான் மிஞ்சும். பெரியவனுக்கு ஒரு முழுச் செட், சின்னவளுக்கு இன்னொரு முழுச் செட், பெட்டியும் அதனதன் கூடவே.