உப்புக்காற்றில் பேய்ப் புத்தகம்: ஃபேமஸ் மான்ஸ்டர்ஸா, ஃபாங்கோரியாவா?

பழைய பேய்ப்பட இதழ் சேர்க்கப்போகிறேன், எதில் தொடங்கலாம் என்று திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் மச்சான் கேட்டான். அமெரிக்காவின் ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ், ஃபாங்கோரியா என்ற இரண்டு இதழ்களில் எது என்பதுதான் கேள்வி. விலை விபரம் சொல்வேன் என்று நினைத்திருப்பான். நான் கேட்டது: "உன்ர அலுமாரி கடல் பக்கச் சுவரோடயா நிக்குது?"

திருமலையில் அதுதான் முதல் கேள்வி. ஐப்பசியில் பிடிக்கும் மாரி தை வரைக்கும் இழுக்கும். எந்த இதழென்றாலும் முதலில் கெடுவது நடுவில் குத்திய கம்பிதான். துரு தாளில் ஊறி இரண்டு கபிலப் பொட்டு விழும். பிறகு நடுத்தாள் கழன்று கையோடு வரும். வாங்குமுன் நடுப்பக்கத்தை விரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டை பளபளப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் மூத்தது. 1958இல் ஜேம்ஸ் வாரன் வெளியிட, ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன் ஆசிரியராக இருந்தார். 1983இல் நின்றபோது எண் 191. ஆனால் 69க்கு அடுத்தது 80! வாரனின் இன்னொரு இதழான மான்ஸ்டர் வேர்ல்ட் பத்து இதழ் வந்திருந்தது. அதையும் கணக்கில் சேர்த்து எண்ணைத் தாண்டிவிட்டார்கள். இது தெரியாமல் 74ஐத் தேடி நான் ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்தேன். உள்ளே மலிவுத் தாளில் கறுப்பு வெள்ளை. பழைய பேய்ப்பட நடிகர்கள் கார்லொஃப், லுகோசி காலத்துப் படங்கள், பொடியன்களுக்கான சிலேடைப் பகிடி. பாசில் கோகோஸ் தீட்டிய அட்டைகளுக்காகவே பலர் வாங்குகிறார்கள். கடைசிப் பக்கங்களில் முகமூடி விற்கும் கேப்டன் கம்பனி விளம்பரம் இருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கூப்பனை வெட்டியிருப்பார்கள், ஓட்டை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஃபாங்கோரியா 1979இல் வந்தது. முதல் அட்டையில் காட்சில்லா. உள்ளே பேய்ப்பட ஒப்பனைக் கலைஞர் டாம் சாவினியின் கைவேலை பற்றிய கட்டுரை பிடித்துக்கொள்ள, இதழ் மெல்ல இரத்தப் பக்கம் சாய்ந்தது. தி ஷைனிங் பேய்ப்படத்தை அட்டையில் போட்ட 7ஆம் இதழில்தான் முதன்முதல் இலாபம் கண்டார்கள். காயம் எப்படிச் செய்தார்கள், முகத்தோலை எப்படி உரித்தார்கள் என்று வர்ணப் படத்தோடு விளக்கும். வாசிக்க எனக்கு இதுதான் மேல். அம்மாவின் கட்சி வேறு: "தம்பி, அந்தக் கண்ராவியைச் சாமியறைப் பக்கம் கொண்டுவராதை."

இனி ஈரத்துக்கு வருவோம். ஒரு கார்த்திகையில் ஓடு விலகி, இரண்டு பெட்டியும் நனைந்தன. ஃபேமஸ் மான்ஸ்டர்ஸைத் தாளுக்குத் தாள் பிரித்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினேன். அப்பளம் போல நெளிந்தது, ஆனால் திறக்கிறது, வாசிக்கலாம். ஃபாங்கோரியா வழுவழுத் தாள். மேற்பூச்சு நனைந்தால் பசை மாதிரி. நாலு இதழ் ஒரே செங்கல்லாக இறுகிவிட்டது. இழுத்துப் பிரித்தால் ஒரு பக்கத்து முகம் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அதற்காக மலிவுத் தாள் வென்றது என்று சொல்லவும் மாட்டேன். நனையாமல் வைத்தாலும் அது தானாகவே மஞ்சளாகும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஓரம் முறுக்குப் போல நொறுங்குகிறது. ஃபாங்கோரியாவை நனையவிடாமல் மூடிவைத்தால் முப்பது வருடத்துக்குப் பிறகும் இரத்தம் சிவப்பாகவே இருக்கும்.

ஸ்கேன் பிரதி? வாசிக்க மட்டுமென்றால் அதுவே போதும். சேர்ப்பது வேறு வருத்தம்.

வெளிநாட்டிலிருந்து ஒற்றையாக எடுத்தால் தபால்கூலி இதழின் விலையைத் தாண்டிவிடும். கட்டாக எடுங்கள், அல்லது கொழும்பு டீ. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளைக் கிளறிவிட்டு இரவு ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.

மச்சானுக்குச் சொன்னது இது: எண்பதுகளின் ஃபாங்கோரியாவை வரிசையாகச் சேர். ஃபேமஸ் மான்ஸ்டர்ஸில் பிடித்த அட்டை நாலைந்து போதும். இதழை நிமிர்த்தி வையாதே, படுக்கவை. மூடி இறுகும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடு, இராமபாணப் பூச்சிக்கு வசம்பு. பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெக்கைக்கு அட்டையில் ஒட்டும். அலுமாரியை மட்டும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளு. அடித்தட்டில் ஒன்றும் வையாதே.