பூமலையா, கரையோரப் பூந்தோட்டங்களா?

சிங்கப்பூரில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

1859இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவைத் தமிழர்கள் பூமலை என்பார்கள். 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. அதிகாலை 5 மணிக்கே திறந்துவிடும். நுழைவு இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். பலர் சறுக்குவது இங்கேதான்: பூமலை ரயில் நிலையத்தில் இறங்கினால் புக்கித் தீமா வாசல், அங்கிருந்து ஆர்க்கிட் தோட்டம் நல்ல நடை. நேப்பியர் நிலையத்தில் இறங்கி தங்ளின் வாசல் வழியாகப் போனால், சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் அச்சான தெம்புசு மரத்தையும் பார்த்துவிடலாம். ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைத் தாவரவியலாளர் ரிட்லி வகுத்ததும் இந்தப் பூங்காவில்தான். எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு வெயில் தாங்காது.

2012இல் திறந்த கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை த பே) மாலைக்கானவை. 25 முதல் 50 மீட்டர் உயர 'சூப்பர்ட்ரீ' எனும் செயற்கை மரக் கோபுரங்களின் ஒளிக்காட்சிக்குக் கட்டணம் இல்லை. குளிரூட்டிய இரு கண்ணாடிக் கூடங்களுக்கு உண்டு. பராமரிப்புக்காக அவை சில நாள் மூடியிருக்கும், தேதியைப் பார்த்தபின் சீட்டு வாங்குங்கள். மழை, மின்னல் என்றால் சூப்பர்ட்ரீகளுக்கு இடையிலான உயர்நடைபாதையை மூடிவிடுவார்கள்.

மரங்களை நேசிப்பவருக்குப் பூமலை. குழந்தைகளோடு, மழைக்காலத்தில் என்றால் கண்ணாடிக் கூடங்களே மேல்.