பம்பு வேலையா, எஞ்சின் வேலையா? காலையில் எழாத பழைய டிராக்டருக்கு எதை முதலில் பார்ப்பது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் போகிற பக்கம் எங்கள் தோப்பு. வண்டி 1998 மாடல், மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன். எஞ்சின் வேலை பார்ப்பதற்கு முந்தைய நாலு வருஷம் அதைக் களத்து மேட்டில்தான் நிறுத்துவோம். காலையில் சரிவில் உருட்டி, கியரில் கிளட்சை விட்டால்தான் உயிர் வரும், செல்ஃப் அடித்து எடுக்கப் போனால் வண்டி எழும் முன்பே பேட்டரி படுத்துவிடும். சரி, இப்படியே ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் முதல் போகத்துக்குச் சேறு உழும்போது, சேற்றுக்கு மாட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீலோடு வயல் நடுவில் நின்றுபோனது. சேற்றில் எதை உருட்டுவது?

அந்த வருஷம் டீசலை அளந்து தள்ளுகிற பம்பு, அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசில் இரண்டிலும் வேலை பார்த்தேன். அடுத்த வருஷம் எஞ்சினைப் பிரித்து லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), பிஸ்டன், ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கிற வளையம்) மாற்றினேன். இரண்டுக்கும் காசு கொடுத்தவன் சொல்கிறேன், என் வண்டிக்கு இரண்டாவதுதான் மருந்து.

பேட்டரி, செல்ஃப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ வயரையோ பாருங்கள். எர்த் வயரின் இரண்டு முனையையும் கழற்றித் தேய்த்து மாட்டுவதற்குச் செலவே இல்லை, அதைச் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். டீசல் லைனில் புகுந்த ஏரை எடுப்பதும் அப்படித்தான், ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்குருவைத் தளர்த்திக் கைபம்பை அடித்தால் ஐந்து நிமிஷ வேலை. ஏர் ஃபில்டர் வாயில் துணியைக் கொளுத்திப் பிடிப்பது, ஈதர் ஸ்ப்ரே அடிப்பது இதெல்லாம் ஊரில் எல்லோரும் செய்வதுதான், நானும் துணி கொளுத்தியிருக்கிறேன். ஈதர் மட்டும் வேண்டாம், அது நேரம் தப்பிப் பற்றிக்கொண்டால் ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும்.

பம்பு வேலைக்கு வருவோம். நான் போனது பொள்ளாச்சிப் பக்கம். பம்பைக் கழற்றி பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா என்று பார்த்துச் சரிசெய்வார்கள், நாசிலை மாற்றி அழுத்தம் வைப்பார்கள். எங்கள் மாதிரி வண்டிகளில் அது 200 பார் சுற்றுவட்டாரம், எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பம்பைத் திரும்ப மாட்டும்போது டைமிங் குறி தப்பினால் பழைய வியாதி புதுக் காசில் வரும், அதனால் கழற்றும் முன்னே குறி போடச் சொல்லுங்கள். 14,000 ஆனது, இரண்டே நாளில் வண்டி கையில். வேலை பார்த்த பிறகு இழுவை கூடியது, கறுப்புப் புகை குறைந்தது, டீசலும் கொஞ்சம் மிச்சம். காலை ஸ்டார்ட்? மேட்டில் நிறுத்துவது மட்டும் நிற்கவில்லை.

ஏன் என்பதை நாட்டுக்கல் பக்கத்து எஞ்சின் மேஸ்திரி ஒருவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே சொன்னார். செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் புகை.

"தம்பி, டீசல் வந்துட்டுத்தான் இருக்கு, எரியல. காத்து நிக்காத எஞ்சினுக்கு டீசலைக் கூட்டிக் கொடுத்து என்ன பண்றது?"

"பம்பு வேலை போன வருஷம்தான் பார்த்தேன் சேட்டா" என்றேன்.

"அதான் புகை இவ்வளவு நல்லா வருது."

இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு 14,000 ஆனது. செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை, அது பம்பு, ஃபில்டர், ஏர் பக்கத்துக் கோளாறு. புகை வெள்ளையாகக் கொட்டியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் உள்ளே சூடு போதவில்லை. டீசல் எஞ்சினில் பொறி போடுகிற ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குவதில் 500 டிகிரிக்கு மேல் ஏறுகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங் தேய்ந்தால் அந்தக் காற்று பக்கவாட்டில் கீழே நழுவும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நழுவ இன்னும் நேரம் கிடைக்கும். அதனால்தான் புது பேட்டரி போட்டதும் இரண்டு மாசம் வண்டி குணமான மாதிரி நடித்தது. டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் காலைகளில் அந்த நடிப்பும் போய்விடும்.

ரிங்கா வால்வா என்று பார்க்க நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று நசுங்குகிற அழுத்தம், அளந்தார். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எங்களுடையது ஏறியது. ஆயிலை அள்ளி ஊற்றிவிடாதீர்கள், எண்ணெய் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் செட், ஹெட்டில் வால்வு சீட் வேலை, லேத், கூலி எல்லாம் சேர்ந்து 62,000 தாண்டியது. பதினொரு நாள் வண்டி இல்லை, உழவுக்கு வாடகை வண்டி வைத்தேன், அது தனி. கிராங்க்கைத் தேய்க்க வேண்டியிருந்தால் இன்னும் ஏறியிருக்கும். அப்புறம் முதல் 50 மணி நேரம் ரோட்டவேட்டர் மாட்டாமல் லேசான வேலை கொடுத்து ஓட்டினேன், சும்மா ஐடிலிங்கில் விட்டு வைக்கவும் கூடாது என்றார், லைனர் வழவழப்பாகி ரிங் உட்காராதாம். இரண்டு வருஷம் ஆகிறது. முதல் சுற்றிலேயே பிடிக்கிறது.

நாலு மடங்குக்கு மேல் செலவு செய்துவிட்டு இதைத்தான் நல்லது என்கிறாயே என்று அப்பாவே கேட்டார். என் கணக்கு விற்கிற நாளைப் பற்றியது. எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்க வருகிறவர் பெயிண்டையோ டயரையோ முதலில் பார்ப்பதில்லை, விடிந்ததும் விடியாததுமாக வந்து சைலன்சரில் கை வைப்பார். சூடாக இருந்தால் போச்சு, நீங்கள் ஏற்கனவே படாதபாடு பட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சில்லென்று இருந்தால் சாவியைத் திருகச் சொல்வார். வண்டி ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வந்தால் "பேக் கம்ப்ரஷன் அடிக்குதே" என்பார், ரிங் வழியாகக் காற்று கீழே நழுவுகிறது என்று பொருள், அந்த ஒரு வார்த்தைக்கு அவர் குறைக்கிற தொகை எஞ்சின் வேலைச் செலவுக்குக் குறையாது, ஏனென்றால் அந்த வேலையை அவர்தான் செய்தாக வேண்டும். பம்பு பில்லைக் காட்டினால் வாங்கிப் பார்க்கக்கூட மாட்டார். நானே இரண்டு வண்டி வாங்கப் போய் இப்படித்தான் பேரம் பேசியிருக்கிறேன், அதனால் எதிர்ப்பக்கத்து நியாயம் தெரியும்.

நான் சொல்வது இன்லைன் பம்பு (சிலிண்டருக்கு ஒன்று வீதம் வரிசையாகத் தள்ளுகிற பம்பு) வைத்த வண்டி. ஒரே சுழலும் தலை எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடுகிற ரோட்டரி பம்பு, தண்ணீர் கலந்த டீசலுக்கு இன்னும் சீக்கிரம் கெடும் என்பார்கள், அங்கே பம்பு வேலைக்கே முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

வேலை முடிந்து கொடுக்கும்போது மேஸ்திரி எண்ணெய்த் தொட்டி ஏர் ஃபில்டரைத் திறந்து காட்டினார், அடியில் செம்மண் களியாக உறைந்திருந்தது. கோடையில் தோப்பு உழுகிற புழுதிதான் ரிங்கைத் தின்றிருக்கிறது. இப்போது பங்குனி, சித்திரையில் வாரம் ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுகிறேன், பழைய எண்ணெயைத் தோப்பு கேட் கீலுக்கு விடுகிறேன்.